திக்கிப் பேசும் நாவு



பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பயிலும் என் மகன் வேலைக்கான நேர்காணலில் தேறவில்லை. ஆங்கிலத் தாளில் நல்ல மதிப்பெண் பெற்றவன். "உன் ஊரைப் பற்றிச் சொல்" என்ற எளிய வினாவுக்கு வாய் திறக்கவில்லை. காரணம் கேட்டேன். "சிறு வயதில் நான் பிழையாகப் பேசியபோது நீங்கள் சிரித்தீர்களே, அத்தா" என்றான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மதரஸாவில் ஒரு பிள்ளையின் உச்சரிப்பு பிசகினால் நான் சிரிப்பதில்லை. ஓதிக் காட்டி, திரும்ப ஓதச் சொல்கிறேன். குர்ஆனைத் திக்கித் திணறி ஓதுபவருக்கு இரு கூலி உண்டென்பது நபிமொழி. அந்தப் பொறுமையை என் மகனுக்கு நான் அளிக்கவில்லை.

நபி (ஸல்) அவர்களின் கட்டளைப்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தை அரை மாதத்திற்குள் கற்றார்கள் என்று திர்மிதியில் காண்கிறோம். கற்றதும் கடிதங்களை எழுதினார்கள், வந்தவற்றை வாசித்துக் காட்டினார்கள். கற்ற மொழி உடனே பணியில் இறங்கியது.

இப்போது கூனிமேட்டிலிருந்து வெள்ளிதோறும் அஸருக்குப் பின் இருவரும் மரக்காணம் உப்பளங்களுக்குச் செல்கிறோம். உவர்நீர் பாத்திக்குப் பாத்தி மாறி வெயிலில் அடர்வதையும், போமே மானியில் ஏறத்தாழ 25 பாகையை எட்டியதும் உப்புப் படியத் தொடங்குவதையும் அவன் ஆங்கிலத்தில் விளக்குகிறான். தடுமாறினால் காத்திருக்கிறேன். நானும் ஆங்கிலத்திலேயே வினவுகிறேன். என் பிழைகள் அவனுடையவற்றினும் மிகுதி. இப்போது சிரிப்பவன் அவன்.

அடுத்த நேர்காணல் வருகிறது. அவனுக்காக துஆ செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை பிழையாகப் பேசினால் பேசி முடிக்க விடுங்கள்.