கடகடப்பைத் தேடுகிறவர்கள்

கார்பன் ஃபைபர் கிட்டார் வாங்கியவருக்குப் பட்டறைப் பக்கமே போக வேண்டியிராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மரக் கிட்டாரின் அவஸ்தையைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமாகவும் படும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால்தான் மரத்துக்குச் சுகம். கூடினால் மேல்பலகை உப்பும், குறைந்தால் வெடிக்கும். கார்பன் இழையை எபாக்சி பிசினோடு சேர்த்து அச்சில் வார்த்த உடலுக்கு இந்தத் தொல்லை இல்லை. இயற்பியலாளர் ஜான் டெக்கர் ஹவாயின் மாவி தீவில் தொடங்கிய நிறுவனம் ரெயின்சாங் என்று பெயரிலேயே மழையை வைத்துக்கொண்டது. பின்னாளில் அதன் தயாரிப்பு வாஷிங்டன் மாநிலத்து வுடின்வில்லுக்கு இடம் மாறியது. அதே மாநிலத்தில், சியாட்டிலுக்கு வடக்கே ஒரு சிறிய பழுதுபார்ப்புப் பட்டறையில் நான் கண்டது அந்த நம்பிக்கைக்கு ஒத்துவரவில்லை. கார்பன் கிட்டார்கள் அங்கேயும் வந்து மேசையில் படுக்கின்றன. வெடிப்போ வளைவோ இல்லை. வாசித்தால் உள்ளே ஏதோ கடகடக்கிறது என்பதே புகார். தேயாத உடல் பழுதுபார்ப்பவரின் வேலையைக் குறைத்துவிடவில்லை என்பது என் கட்சி. அது உளியிலிருந்தும் பசையிலிருந்தும் காதுக்கு இடம் மாறியிருக்கிறது; கூலிக் கணக்கு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

அங்கே வேலை பார்ப்பவர்கள் இருவர். ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்கிறார். வாசிப்பவரின் காது ஒலித்துளைக்கு மேலே, ஒரே கோணத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். கேட்பவரால் கிட்டாரைச் சுற்றிவர முடியும். முதலில் கிட்டாரையே சந்தேகிப்பதில்லை. வாசிப்பவரின் கைக்கடிகாரம், சட்டைப் பொத்தான், அலமாரியில் இருக்கும் திருகாணி டப்பா எல்லாம் விலக்கப்படுகின்றன. பிறகு வருவது எளிமையான, ஆனால் கூர்மையான ஒரு சோதனை. நான்காம் கம்பியை அழுத்தாமல் மீட்டினால் வரும் டி ஸ்வரம், ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ், ஐந்தாம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலும் ஆறாம் கம்பியின் பத்தாம் ஃப்ரெட்டிலும் கிடைக்கும். மூன்று இடத்திலும் சத்தம் வந்தால் குற்றவாளி உடலிலோ உள்ளேயோ இருக்கும் தளர்ந்த பொருள். ஒரே இடத்தில் மட்டும் வந்தால் கம்பியின் பாதையைப் பார்க்க வேண்டும். அழுத்தாத கம்பி மட்டும் கரகரத்தால், கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டிருக்கலாம். ஒரு ஃப்ரெட்டில் மட்டும் கரகரத்தால் அதற்கடுத்த ஃப்ரெட் உயர்ந்து நிற்கலாம். எந்தக் கருவியும் எடுக்காமல், மூன்று மீட்டலில் சந்தேகப் பட்டியல் பாதியாகிவிடுகிறது.

ஒரே ஸ்வரத்துக்கு மட்டும் ஏன் சத்தம்? ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் பேருந்தின் ஜன்னல் கண்ணாடி கடகடத்து, வேகம் கூடியதும் அடங்கிவிடுவதை எல்லோரும் கேட்டிருப்போம். உடலின் ஒத்ததிர்வும் தளர்ந்த பொருளின் ஒத்ததிர்வும் ஒரு ஸ்வரத்தில் சந்திக்கும்போது சத்தம் எழுகிறது. அதற்குத் தேவைப்படும் அசைவு எவ்வளவு சிறியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பு வரும். பலகைமேல் தன் எடையால் மட்டும் உட்கார்ந்திருக்கும் வாஷர், பலகையின் முடுக்கம் புவியீர்ப்பை மிஞ்சும்போது எழும்பித் தட்டத் தொடங்கும். 147 ஹெர்ட்ஸில் அதற்குப் பலகை சுமார் 11 மைக்ரோமீட்டர் வீச்சில் அதிர்ந்தால் போதும். சாதாரணத் தாளின் கனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. அதனால் விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறார்கள். ஆனால் விரலும் பொய் சொல்லும். மேல்பலகையைத் தொட்டாலே அதன் அதிர்வு குறைந்து, சத்தம் வேறெங்கிருந்து வந்தாலும் அடங்கிவிடும். கைவந்தவர்கள் பலகையைத் தொடாமல் அந்தப் பாகத்தை மட்டும் பிடிக்கிறார்கள்: டியூனரின் தலை, பட்டை மாட்டும் குமிழ், கேபிள் செருகும் ஜாக்கின் மரை, பாலத்தில் கம்பிகளைத் தாங்கும் சேடில். அதுவும் போதாதபோது சிறிய அதிர்வூட்டியைப் பாலத்தருகே ஒட்டி, விடாத ஒரே ஸ்வரத்தை ஊட்டுகிறார்கள். மீட்டிய ஒலி தேய்ந்து போவதற்குள் தேட வேண்டிய அவசரம் அப்போது இருக்காது.

அகப்படுவது பெரும்பாலும் அற்பமான பொருள்தான். டியூனரின் தளர்ந்த மரை, ஒன்பது வோல்ட் பேட்டரியைப் பிடிக்கும் கவ்வி, வெட்டாமல் விட்ட கம்பி நுனி, உடலுக்குள் தொங்கும் பிக்-அப் ஒயர். இந்த ஒயர்தான் என் வாதத்துக்கு நல்ல சாட்சி. மரக் கிட்டாரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட யாருக்கும் மனம் வராது. கார்பன் கிட்டாரைத் துணிந்து விடுகிறார்கள். சூட்டை உடல் தாங்குகிறது. உள்ளே ஒயரைப் பிடித்திருக்கும் கிளிப்பின் டபுள் சைடு டேப் தாங்குவதில்லை. பசை இளகி, ஒயர் விழுந்து, பின்பலகையைத் தட்டுகிறது. கார்பனின் உறுதியை நம்பி நடந்துகொண்டதன் விலையை ஒரு துண்டு டேப் கட்டுகிறது. திரும்ப ஒட்டுவதிலும் மரத்தில் பழகிய கை உதவாது. மரவேலைப் பசை எபாக்சிமேல் பிடிப்பதில்லை. இடத்தை லேசாக உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, எபாக்சியாலேயே ஒட்ட வேண்டும். தேய்க்கும்போது எழும் கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பதால் முகக்கவசம் கட்டாயம். மரக் கிட்டாரின் பின்பலகையைச் சூடு காட்டிக் கத்தியால் பிரித்தெடுக்கலாம்; எபாக்சியால் பிணைந்த கூட்டில் அது நடக்காது. ஒலித்துளை வழியே நுழையும் கையும், வளைந்த கண்ணாடியும், ஒயர் முனையில் பொருத்திய சிறு கேமராவும்தான் வழி. துளை ஓரமாகச் சிறியதாக இருந்துவிட்டால் கையும் போகாது.

குறை கார்பனிலேயே இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை. மரத்தின் உள்ளுராய்வு அதிர்வைக் கொஞ்சம் விழுங்கிவிடும்; கார்பன் கூடு அவ்வளவு விழுங்குவதில்லை. மரத்தில் வாய்மூடிக் கிடந்திருக்கக்கூடிய வாஷர் இங்கே பேசிவிடுகிறது. ஆனால் தளர்ந்தது வாஷர். கார்பன் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே. இதைப் பொருளின் குறை என்றால் நல்ல ஒலிவாங்கியும் குறையுள்ளதுதான். 1966இல் ஓவேஷன் கிட்டாரைக் கொண்டுவந்த சார்லஸ் கேமன் ஹெலிகாப்டர் தயாரித்தவர். அதிர்வை ஒடுக்குவதே அங்கே பொறியாளர்களின் பாடு. அந்த அறிவை அதிர்வை வளர்க்கத் திருப்பியதில் கண்ணாடியிழைக் கிண்ண முதுகும், 1976இல் பிர்ச் மரத்தோடு கார்பனைச் சேர்த்துச் செய்த அடாமஸ் மேல்பலகையும் வந்தன. ஒன்றை அடக்கினால் மற்றதும் அடங்கும் என்ற சங்கடம் இந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே எங்கும் பஞ்சு ஒட்டிவிடலாமே என்ற யோசனை இங்கேதான் தோற்கிறது. கடகடப்போடு நாதமும் போகும். ஒரு பாகத்தில் கொஞ்சம் எடை ஒட்டினால் சத்தம் அடங்கியது போலத் தெரியும். பெரும்பாலும் அது வேறு ஸ்வரத்துக்குக் குடிபெயர்ந்திருக்கும். பட்டறையில் வேலை முடிந்த பிறகும் எல்லா ஃப்ரெட்டையும் வாசித்துப் பார்ப்பது அதனால்தான்.

கைபேசிச் செயலி கண்டுபிடித்துவிடாதா என்பது இன்னொரு கேள்வி. செயலி ஒலியின் அலைவரிசைப் படத்தைக் காட்டும். அதில் தெரியும் உயர்ந்த, சிதறிய முள்கள் உலோகம் தட்டுவதைச் சொல்லும்; எந்த உலோகம், எங்கே என்பதைச் சொல்லாது. ஒரே கூட்டில் ஒலி எங்கும் ஓடுவதால் காதுக்குக்கூட இடம் பிடிபடுவது கடினம். தலைப்பக்கத்து டியூனரின் சத்தம் ஒலித்துளை வழியே வருவது போலக் கேட்கும். விலக்கி விலக்கித்தான் போயாக வேண்டும். எந்தச் சத்தம் வேண்டாதது என்பதையும் செயலி தீர்மானிக்காது. தம்பூராவிலும் வீணையிலும் பாலத்தின் வளைவில் கம்பி உரசி எழும் ரீங்காரத்துக்காகத்தான் கைவினைஞர் உழைக்கிறார்; சி.வி. ராமன் 1921இல் வெளியான கட்டுரையில் அந்தப் பாலத்தின் இயற்பியலை ஆராய்ந்தார். கிட்டாரிலும் பலமாக அடித்து வாசிப்பவருக்குக் கொஞ்சம் ஃப்ரெட் கரகரப்பு பிடிக்கும். மென்மையாக மீட்டுபவருக்கு அதே கரகரப்பு பழுது. பல கார்பன் கிட்டார்களின் கழுத்தில் வளைவைத் திருத்தும் இரும்புக் கம்பி கிடையாது. சேடிலின் உயரத்தையோ ஃப்ரெட்டையோ தொட்டே சரிசெய்ய வேண்டும். தேய்த்து எடுத்த ஃப்ரெட் திரும்பி வளராது. ஆகவே வாசிப்பவர் எதைப் பழுது என்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் வேலையின் பகுதி.

இவ்வளவுக்குப் பிறகும் ரசீதில் எழுத முடிவது ‘மரை இறுக்கப்பட்டது’ என்ற ஒரு வரிதான். தேட நெடுநேரம், இறுக்க அரை நிமிடம். அரை நிமிட வேலைக்கு இவ்வளவா என்று வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். மரக் கிட்டாரில் வெடிப்பை ஒட்டியவருக்கு அந்தக் கேள்வி வருவதில்லை. உழைப்பு மேசையிலேயே தெரிகிறது. தேடுதலுக்குத் தனிக் கட்டணம் வைத்து, அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் அது உண்டு என்று கிட்டாரைப் பழுதுபார்க்க வாங்கும்போதே சொல்லிவிடுவதுதான் நேர்மையான ஏற்பாடு என்று எனக்குப் படுகிறது. அகப்படாததற்கும் காசா என்று கேட்பவருக்குப் பதில் இருக்கிறது. விலக்கப்பட்ட டியூனர்கள், ஜாக், சேடில், பேட்டரிக் கவ்வி என்ற பட்டியலை எழுதிக் கொடுத்தால், அடுத்துத் தேடுபவர் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம். நான் பார்த்த பட்டறையில் அந்தப் பட்டியலைக் கிட்டார் பெட்டிக்குள் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. வாங்கியிருக்க வேண்டும்.