சிங்கராஜ வனத்திலே

இரத்தினபுரி மாவட்டத்துக் கலவான நகரைக் கடந்து வெத்தாகல வழியே குடாவ சேர்ந்தால், தேயிலைப் பசுமை முடிந்து சிங்கராஜ வனத்தின் கரும்பசுமை தொடங்குகிறது. அனுமதிச் சீட்டுப் பெற்று நாம் நடக்கும் அகன்ற பாதை, 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டிய இயந்திரங்களுக்கென அமைத்த பாதையாகும். மக்கள் எதிர்ப்பினால் 1977இல் வெட்டுதல் நின்றது. 1988இல் யுனெஸ்கோ இவ்வனத்தை உலக மரபுரிமையாக ஏற்றது. வழியோரம் இளமரங்கள் நெருங்கி நிற்பதையும், கோடரி படாத உட்காட்டில் முதுமரங்கள் வானை மறைப்பதையும் மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். மரங்களிற் பாதிக்கு மேல் இலங்கைக்கே உரியவை.

சற்றே அசையாது நின்றால், பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாய்க் கிளைதோறும் இரை தேடி வரும் காட்சியைக் காணலாம். செவ்வலகும் நீலமேனியும் உடைய காக்கையினப் பறவையும் அக்கூட்டத்தில் உண்டு. அது வேறெந்நாட்டிலும் இல்லை. அட்டைக்கடி தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. பட்டணத்து அன்பர்கள் நீண்ட காலுறை அணிந்து வருவார்களாக!