குள்ளர் வீட்டுப் புதையல்

ஸ்னோ ஒயிட் கதையில் வரும் ஏழு குள்ளர்களை நாம் அறிவோம். மேல்நாட்டுக் கதைகளில் குள்ளர்கள் பெரும்பாலும் கொல்லர்கள்; மண்ணுக்கடியில் புதையல் காப்பவர்கள். அத்தகைய குள்ளர்களுக்கு நம் சவ்வாது மலையிலும் வீடுகள் உண்டு என்று கேள்விப்பட்டதும் எங்களுக்கு உண்டான ஆவல் சொல்லி முடியாது. கல்விச் சுற்றுலாவாக ஜமுனாமரத்தூர் சென்று, அங்கிருந்து கீழ்செப்பிலியை அடைந்தோம்.

பக்கங்களில் பலகைக் கற்கள்; கூரையாக ஒரு பெரிய கல்; ஒரு பக்கத்தில் வட்டமான துளை. அவ்வளவுதான் வீடு! இவற்றில் 'வாலியர்' என்னும் குள்ள மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று மலைவாழ் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். "அப்படியானால் புதையலும் இருக்குமே!" என்று எங்களுள் சிலர் துளைக்குள் எட்டிப் பார்த்தனர்.

"பிள்ளைகளே, இது வீடு அன்று, கல்லறை" என்றார் எங்கள் வரலாற்று ஆசிரியை. எல்லோரும் மௌனமானோம்.

இவற்றைக் கற்திட்டைகள் என்பர். மண்ணுக்குள் அமைந்தால் கற்பதுக்கை. இரும்புக்கால மக்கள் இறந்தோர்க்காக இவற்றை எழுப்பினர். கட்டியவர்கள் நம்மைப் போன்ற உயரமுடைய மனிதர்களே. அறை சிறியதாக இருப்பது, அது வாழ்வதற்கான இடம் அன்று என்பதால்தான். அந்தத் துளை உயிர் சென்று வரும் வழி என்றும், படையல் இடும் வழி என்றும் அறிஞர்கள் கருதுகின்றனர். இறந்தோரை அடக்கம் செய்யும் பல முறைகளை மணிமேகலையும் குறிப்பிடுகிறது.

அப்படியானால் புதையல்? இத்தகைய ஈமச் சின்னங்களில் அகழ்வோர் காண்பவை பெரும்பாலும் கறுப்பு சிவப்பு மட்கலங்கள், இரும்புக் கருவிகள், மணிகள், எலும்புத் துண்டுகள். பொன்னாசை கொண்டவருக்கு இவை வெறும் ஓடுகள். வரலாற்றுக்கோ விலையற்ற செல்வம். அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகளால், அங்கு இரும்பின் காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. கொல்லர்கள் கதையில் மட்டும் இல்லை. நம் மண்ணிலேயே வாழ்ந்திருக்கிறார்கள்!

ஆனால் புதையல் தேடுவோர் இத்தகைய கல்லறைகளைப் பல ஊர்களில் தோண்டிச் சிதைத்துவிட்டனர். பலகைக் கற்கள் வேறு கட்டடங்களுக்கும் போய்விடுகின்றன. எந்தப் பொருள் எந்த ஆழத்தில், எதனருகில் கிடந்தது என்பது ஒருமுறை கலைந்தால் மீண்டும் அறிய இயலாது.

ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் நாம் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று, மெழுகுவர்த்தி ஏற்றி, மலர் தூவி, மரித்தோருக்காக மன்றாடுகிறோம். அங்கே யாரேனும் மண்வெட்டியுடன் வந்தால் பொறுப்போமா? பெயர் தெரியாத இந்த முன்னோரும் தம் அன்பர்களைக் கண்ணீரோடு அடக்கம் செய்தவர்களே. அத்தனை பெரிய கல்லைப் பலர் கூடித் தூக்கி வைக்கச் செய்தது அவர்களுடைய அன்பன்றி வேறென்ன?

தோழியரே, அம்மலைக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்கும் கிடைக்கலாம். ஒரு கல்லையும் அசைக்காதீர்கள். ஓர் ஓட்டையும் எடுத்து வராதீர்கள். ஒரு சிறு செபம் சொல்லிவிட்டு வாருங்கள். அதுவே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.