பருத்த துண்டு

ஸ்டேக் தட்டு மேசைக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. பெங்களூரில் 1960களிலிருந்து ஸ்டேக்குக்குப் பேர்போன ‘தி ஒன்லி பிளேஸ்’ போன்ற உணவகங்களில் பக்கத்து மேசைகளைக் கவனித்தால் இது தெரியும். உள்ளங்கை அகலத்தில், இரண்டு விரல் கனத்தில் ஒரே ஒரு துண்டு. மேலே நெருப்புப் பட்டுக் கறுத்த கோடுகள். ஓரமாக மசித்த உருளைக்கிழங்கு, கொஞ்சம் காய். குழம்பு கிடையாது, சோறு கிடையாது. எப்படி வேகவேண்டும் என்று பரிமாறுகிறவர் முன்பே கேட்டுப் போயிருப்பார். ஆளுக்கொரு பதம், அதை மனதில் வைத்துக்கொண்டு அடுப்படியில் ஒருவர் நெருப்பைப் பார்த்து நிற்கிறார். அந்தக் கவனிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தத் துண்டின் கனம்தான். நம் சமையலில் இத்தனை பெரிய துண்டு ஏன் இல்லை? போளூரிலோ திருப்பத்தூரிலோ ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போனால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “சின்னதா போடுண்ணா.” தொடைக்கறியும் நெஞ்செலும்பும் ஈரலும் கத்தியின் கீழே சிறுத்துச் சிறுத்து, பையில் விழும்போது எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாதபடி கலந்துவிடுகின்றன. இதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அரைக்கிலோ கறி ஏழு பேருக்கு வரவேண்டும். மேய்ந்து திரிந்த வெள்ளாட்டின் கறி கெட்டியானது. சிறிதாக நறுக்கி நெடுநேரம் கொதிக்கவிட்டால்தான் மசியும். மிளகும் மல்லியும் உள்ளே இறங்குவதற்கும் துண்டு சிறிதாக இருக்கவேண்டும். பங்கிட்டு உண்ணும் வீடுகளின் கத்தி இது. அதை நான் குறைவாக மதிக்கவில்லை.

பருத்த துண்டு கேட்பது வேறு. விலங்கு அதிகம் உழைக்காத தசையாக இருக்கவேண்டும். அதனால்தான் முதுகெலும்பின் அடியில் கிடக்கும் அண்டர்கட்டுக்கு அவ்வளவு விலை. நம் நாட்டில் ஸ்டேக் என்று தட்டில் வருவது பெரும்பாலும் எருமைக்கறி. அதில் அந்த ஒரு பகுதிதான் பல்லுக்கு இணங்கும். அடுத்து, நெருப்பு கடுமையாகவும் நேரம் குறைவாகவும் இருக்கவேண்டும். மேற்பரப்பு 140 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது புரதமும் சர்க்கரையும் கூடிப் பழுப்பேறி மணக்கின்றன. இதை 1912இல் விளக்கியவர் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். உள்ளே 55 டிகிரியை ஒட்டி நிறுத்திவிட்டால் கறி சிவந்து, சாறோடு இருக்கும். அந்தச் சிவப்பு இரத்தம் என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். தசைக்குள் ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் நிறம் அது. சுட்ட கறியை உடனே அறுக்காமல் சில நிமிடம் விட்டுவைப்பது, நாருக்கு எதிராக அறுப்பது என்று ஒரு துண்டைச் சுற்றி இத்தனை அறிவு சேர்ந்திருக்கிறது.

இதெல்லாம் மேற்கத்தியரின் கலை, நமக்கு அயலானது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, ஜவ்வாது மலையின் காலடியில் பாடப்பட்ட ஒரு பாட்டு வேறு கதை சொன்னது.

மலைபடுகடாம். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடி. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். அவனுடைய நவிரமலை, போளூருக்கும் செங்கத்துக்கும் இடையில் நிமிர்ந்து நிற்கும் பருவதமலைதான் என்பது அறிஞர் பலர் கொள்கை. பாட்டில் ஓடும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து செங்கத்தைத் தொட்டுப் போகும் இன்றைய செய்யாறு. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே பசியோடு வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல் எங்கே வரும், பாறை எங்கே வழுக்கும், பாம்பு எங்கே கிடக்கும் என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கிறான். கூடவே எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் சொல்லிக்கொண்டே போகிறான். உலகத்தில் வேறெந்த மலைக்காவது இவ்வளவு பழமையான சாப்பாட்டு வழிகாட்டி உண்டா என்று நான் வியந்ததுண்டு.

முதலில் வரும் சிற்றூரிலேயே என் பருத்த துண்டு இருக்கிறது! வாசலில் தயங்கி நிற்காமல் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழையுங்கள், அந்த மக்கள் உறவினர்போல் இனிய சொல் சொல்வார்கள், கனத்த இறைச்சித் துண்டங்களை நெய் வழிய வேகவைத்துத் தினைச்சோற்றோடு தருவார்கள் என்கிறான் கூத்தன். நறுக்கிப் பொடியாக்கிய கறி இல்லை. பருமனை எடுத்துச் சொல்லிப் பாராட்டும் துண்டு. வெண்ணெயில் புரட்டிய ஸ்டேக்குக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

அடுத்த சாப்பாடு இன்னும் அருமையானது. மூங்கில் குழாயில் ஊறி முதிர்ந்த தேன்கள்ளை இரவு குறைவில்லாமல் குடித்தவர்களுக்கு விடியலில் மயக்கம் இருக்குமல்லவா, அது தீர என்ன தருவார்கள் என்று பாட்டு நின்று நிதானமாக அடுக்குகிறது. அருவி அடித்துக்கொண்டு வந்த பலாவின் வெள்ளைக் கொட்டை, கடமானின் கொழுத்த தசை, முள்ளம்பன்றியின் கொழுப்புத் துண்டம், பெண்நாய் துரத்திப் பிடித்த உடும்பின் கறி, புளியின் இன்புளிப்பு, உலைநீராக மோர், அதில் மூங்கிலரிசி. அது கொதித்து எழும்போது மலைச்சாரல் முழுவதும் மணக்கிறது. சமைத்தவள் கூந்தலில் மணமுள்ள பூச்சூடிய குறமகள். உண்டதும் போகவிடுகிறார்களா? பிள்ளையைத் தடுப்பதுபோல் தடுத்து, வீடு வீடாகத் தருகிறார்கள். இன்னும் மேலே போனால் மூங்கிலரிசியும் மேட்டுநில நெல்லும் அவரையும் சேர்ந்த புளிங்கூழ். ஆட்டு மந்தைக்காரர்களிடம் இரவில் போய்ச் சேர்ந்தால் பாலும் சோறும், படுக்க மென்மயிர்த் தோல்.

இந்த அடிகளை நமக்கு மீட்டுத் தந்தவர் உ. வே. சாமிநாதையர். பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் பதிப்பித்தார். கறியைத் தொட்டறியாத ஒரு மனிதர், சிதைந்த ஏட்டில் உடும்புக்கறியும் பன்றிக்கறியும் ஒரு சொல்லும் விலகாமல் நிற்கவேண்டும் என்று ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். தன் இலையில் என்றும் விழாத உணவுக்கு அவர் காட்டிய நேர்மையை நினைக்கும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றுகிறது. இன்று தட்டில் இருப்பதைப் பார்த்து மனிதரை எடைபோடுகிறவர்கள் அந்தப் பதிப்பை ஒருமுறை கையில் எடுக்கவேண்டும்.

பாட்டில் நாய்கள் வருவதும் என்னை விடவில்லை. உடும்பைப் பிடித்துத் தந்தது நாய். கடைசியில் நன்னன் அரண்மனை விருந்தில் நெல்லரிசிச் சோற்றோடு வரும் கொழுப்புக் கறியும் நாய் கொண்டுவந்ததுதான் என்று புலவர் மறக்காமல் சொல்கிறார். சமைத்தவளுக்குக் கொடுத்த இடத்தை வேட்டையாடிய நாய்க்கும் கொடுத்திருக்கிறார். அதே செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவக்கத்தி என்ற வீரன் தொறுப்பூசலில், மாடு கவர வந்தவர்களோடு பொருது மாண்டான். அவனுடைய நாய் கோவிவன் கள்வர் இருவரைக் கடித்து நின்றது. வீரனோடு அந்த நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இரா. நாகசாமி பதிப்பித்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலைப் புரட்டினால், இந்த மலையடிவாரம் மாட்டுக்காக எத்தனை உயிரைக் கொடுத்திருக்கிறது என்பது தெரியும். தனக்கு வாழ்வு தந்த விலங்கைப் பெயர் சொல்லி நினைவில் வைத்த நிலம் இது.

சோழநாட்டுப் பக்கம் போனால் பொருநராற்றுப்படையில் கரிகாலனின் விருந்து இருக்கிறது. அறுகம்புல் தின்று வளர்ந்த செம்மறியின் பருத்த தொடை வெந்து வருகிறது. கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த தசை வருகிறது. சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தின்கிறார்கள். இரவும் பகலும் தின்றதில், கொல்லை உழுத கொழுமுனைபோல் பல் மழுங்கிப்போயிற்றாம். இன்றைய உயர்தர உணவகங்கள் தங்கள் பட்டியலில் விலங்கு என்ன மேய்ந்தது, எத்தனை நாள் பதப்படுத்தியது என்று அச்சிடுகின்றன. விலங்கு மேய்ந்தது என்ன என்பதை, அந்தப் பாட்டைப் பாடிய முடத்தாமக்கண்ணியார் எப்போதோ சொல்லிவிட்டார்.

ஆகவே கனத்த துண்டு நமக்கு அயலானது என்று இனி யாரும் சொல்லவேண்டாம். இடையில் எங்கோ கைநழுவிப் போயிற்று, அவ்வளவுதான். பாட்டில் உள்ள கடமானும் முள்ளம்பன்றியும் உடும்பும் இன்று தட்டுக்கு வரக்கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது, அது சரியானதே. காட்டில் அவை நடமாடுவதுதான் இப்போது நமக்கு வேண்டும். பாட்டிலும் வந்து, இன்றும் மலையில் இருப்பவை போதும்: வெள்ளாடு, தேன், புளி, பலாக்கொட்டை, அவரை. தினைக்குச் சமமாக, இங்கே சாமை.

ஜவ்வாது மலைச் சாமையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சீக்கிரம் வேகும், உதிரியாக நிற்கும், கறிச்சாற்றை நன்றாக வாங்கிக்கொள்ளும். மலைமேல் ஒரு வீட்டில் சாமைச்சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டிருக்கிறேன். கை கழுவ எழுந்தபோது அந்த வீட்டு அம்மா, “ஏன் கண்ணு, அதுக்குள்ள எழுந்துட்ட? இன்னும் ரெண்டு வாய் போட்டுக்கோ” என்று வழியை மறித்துக்கொண்டு நின்றார். பிள்ளையைத் தடுப்பதுபோல் என்று கௌசிகனார் சொன்னது எனக்கு அன்று முழுதாக விளங்கியது. உரையாசிரியர் விளக்கியதைவிட அந்த அம்மாவின் அகப்பை நன்றாக விளக்கியது.

நன்னனின் விருந்தைப் பற்றிப் பாட்டு கடைசியாகச் சொல்வது ஒன்று உண்டு. பல நாள் தங்கினாலும் முதல்நாள் காட்டிய அதே விருப்பத்தோடு சோறும் கறியும் கிடைக்கும் என்கிறது. உயர்ந்த உணவகம் எது என்பதற்கு இதைவிடத் துல்லியமான அளவை நான் எங்கும் படித்ததில்லை. வெள்ளை மேசைவிரிப்பு, பளபளக்கும் கத்தி, பதம் கேட்டுச் செய்யும் கைத்திறன் எல்லாம் நல்லவை. அவற்றுக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. அவற்றோடு, கடைசி நாளும் முதல்நாள் முகம் மாறாமல் இருக்கவேண்டும். அது இருக்கும் இடமே உயர்ந்த இடம்.

இன்று ஜமுனாமரத்தூருக்கு வருகிறவர்கள் படகுத்துறையையும் பீமன் அருவியையும் பார்த்துவிட்டு, காவலூர் வானாய்வகத்தில் 1986இல் நிறுவிய 2.3 மீட்டர் தொலைநோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு உட்காரும்போது பரோட்டாவும் ஃபிரைட் ரைஸும் கேட்கிறார்கள். கேட்பதைத்தான் கடைக்காரர்கள் வைக்கிறார்கள். அவர்கள்மேல் குறை இல்லை. மலையில் தங்கும் விடுதி கட்ட நினைப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆட்டுத்தொடையைக் கனமாக வெட்டி, நெய்யில் வாட்டி, சாமைச்சோற்றோடு வையுங்கள். மோரும் புளியும் பலாக்கொட்டையும் சேர்ந்த சாற்றைப் பக்கத்தில் ஊற்றுங்கள். மலைவாழ் பெண்களை அடுப்படிக்குத் தலைமை தாங்கச் சொல்லி, அந்தத் தலைமைக்கு உரிய சம்பளம் கொடுங்கள். பட்டியலில் அவர்களுடைய ஊரின் பெயரையும் அச்சிடுங்கள்.

நீங்கள் மலையேறுகிறவராக இருந்தால், புறப்படும் முன் மலைபடுகடாமின் அந்தப் பகுதியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மேலே போனதும் சாமைச்சோறு உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த கடையிலும் கேளுங்கள். கேட்கிறவர் இருக்கும்வரைதான் அதைச் சமைக்கத் தெரிந்தவர்களும் இருப்பார்கள்.