கற்பிட்டிக் காற்றுக்குத் தாங்கும் கேடயம்

கற்பிட்டி

அன்பு நண்பா,

கூத்துக்குக் கேடயம் செய்பவன் நீ. இந்தக் கரையைப் பற்றி உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும்.

ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை, கடற்படையின் பொறுப்பில் இன்றும் உறுதியாக நிற்கிறது. அதற்கு முந்திய போர்க் காலத்தைத்தான் தேடி வந்தேன். 1344இல் பக்கத்துப் புத்தளத்தில் கரையேறிய பயணி இப்னு பதூதா, ஊரைச் சுற்றி மர மதிலும் மரக் கோபுரங்களும் இருந்ததாக எழுதியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் கோட்டே அரசன் ஆறாம் பராக்கிரமபாகு, முக்குவர் என்ற கரையோரச் சமூகத்தாரை எதிர்க்கக் காஞ்சிபுரம், காவிரிப்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களிலிருந்து படை வரவழைத்துப் புத்தளக் கோட்டையை முற்றுகையிட்ட கதையை ‘முக்கர ஹட்டன’ என்ற சிங்கள ஏடு சொல்கிறது. அந்த வீரர்கள் ஏந்திய கேடயம் ஒன்றையும் நான் எங்கும் கண்டதில்லை. உப்புக் காற்றிலும் ஈரத்திலும் கறையானிலும் தோலும் மரமும் எத்தனை காலம் தாங்கும்?

சிரியாவின் வறண்ட மண் வேறு. அங்கே தூரா யூரோப்பொஸ் என்ற பழைய நகரில் புதைந்த ரோமக் கேடயம் ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் கழித்தும் கிடைத்தது. மெல்லிய மரப்பட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, மேலே தோல் போர்த்திய அந்தக் கேடயம் இன்று யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நமக்கு வாய்த்தவை கற்கள்தாம். தமிழ்நாட்டின் செங்கம் நடுகற்களில் வீரன் கையில் உள்ள சிறு கேடயத்தின் வடிவம் தெரிகிறது. அதன் எடையும் பிடியும் கல்லில் தெரியா. அவற்றை அறியச் செய்துதான் பார்க்க வேண்டும். அதனால்தான் உன் வேலையை நான் வெறும் மேடை அலங்காரமாக நினைப்பதில்லை.

கூத்துக்குக் கல்யாண முருங்கை போதும்; ஆடுகிறவனின் கைக்கு அது இலேசு. போர்க் கேடயத்துக்கு எருமைத்தோல் எடு. பதனிடாத தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, குழிந்த அச்சில் இழுத்துக் கட்டி நிழலில் உலரவிடு. நடுவில் நான்கு துளை. முன்புறம் தெரியும் நான்கு குமிழும் அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல. பின்புறக் கைப்பிடியின் வளையங்களை இறுக்கும் ஆணிகள் அவற்றின் அடியில்தான் இருக்கின்றன. விரல் மூட்டு அடிபடாமல் உள்ளே ஒரு சிறு மெத்தையும் வேண்டும்.

காய்ந்த தோல் பலகைபோல் இறுகும்; ஈரம் ஏறினால் தளரும். எனவே இந்தக் கரையில் மேற்பூச்சுத்தான் கேடயத்துக்கு உயிர். மாத்தளைக்குப் பக்கத்து ஹபுவிடவில் அரக்கு வேலை செய்வோரைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908இலேயே தம் நூலில் விரிவாக எழுதினார். அந்தக் கைவினையை அறிந்தவர்களிடம் கேட்டு அரக்குப் பூசிப் பார்.

ஒரே தோலில் இரண்டு கேடயம் செய்: ஒன்றுக்கு அரக்கு, மற்றதற்கு ஒன்றும் வேண்டாம். இரண்டையும் நிறுத்து எடையைக் குறித்துவிட்டு எனக்கு அனுப்பு. சோளகக் காற்று தொடங்குமுன் இங்கே ஒரு மீனவர் வாடியின் தாழ்வாரத்தில் தொங்கவிடுகிறேன். மாரி முடிந்ததும் மறுபடி நிறுத்து, எதில் எவ்வளவு ஈரம் ஏறியது, எது எவ்வளவு தளர்ந்தது என்று எழுதுகிறேன். செலவில் பாதி என்னுடையது.

அன்புடன்,
உன் நண்பன்