பழைய சில்லுக்குப் பழைய டிரைவர்

மடிக்கணினி மெதுவாக ஓடினால் புதிதாக ஒன்று வாங்கிவிட வேண்டும் என்பது இப்போது வீட்டுக்கு வீடு நியாயமாகிவிட்டது. கடைக்காரரும் அதையேதான் சொல்வார், அது அவர் பிழைப்பு. கையில் இருக்கும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்க்காமலே நாமும் அதற்குத் தலையாட்டுவதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

என் பேத்தி கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். மதுரைக்குப் பக்கத்து ஒத்தக்கடையில் இருந்துகொண்டு வரலாறு படிப்பவளுக்குப் பாடம் வாசலிலேயே படுத்திருக்கிறது. யானைமலை அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை கி.பி. 770-ஐச் சேர்ந்தது. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி குடைவித்தார். குடமுழுக்குக்கு முன்பே அவர் காலமாகிவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்தார். கல்வெட்டே இதைச் சொல்கிறது. மலைமேல் பாகுபலி, பார்சுவநாதர், அம்பிகை என்று சமணச் சிற்பங்கள், கூடவே வட்டெழுத்து. 2010-ல் இந்த மலையைச் சிற்ப நகரம் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் திரண்டு எதிர்த்து நின்றார்கள்.

அந்தச் சிற்பங்களைக் கேமராவில் 'ரா' வடிவில் எடுத்து வந்து, 'டார்க்டேபிள்' என்ற இலவச மென்பொருளில் திருத்துவாள். நிழலில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாக வருமே, அந்த இரைச்சலை நீக்கச் சொன்னால் போதும், கையில் தூக்கினால் நோட்டுப் புத்தகம்போல இருக்கும் அவளுடைய மடிக்கணினி திணறிவிடும்.

"தாத்தா, இதுல ஜி.பி.யு.வே கிடையாது. என்விடியா கார்டு வச்ச கேமிங் லேப்டாப் இருந்தாத்தான் வேலையாகும்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றது இருக்கட்டும் தாயி. நீ மெஷினைக் கேட்டியா?"

நான் டெலிபோன் டிபார்ட்மெண்டில் சேர்ந்து, பி.எஸ்.என்.எல். ஆன பிறகு ஓய்வு பெற்றவன். ஒரு நம்பர் டெட் என்று புகார் வந்தால் முதலில் எக்ஸ்சேஞ்சில் எல்லா லைனும் வந்து சேரும் எம்.டி.எஃப்.பில் சோதிப்போம். கோளாறு உள்ளேயா வெளியேயா என்று அங்கேயே தெரிந்துவிடும். வெளியே என்றால் தெருவோரப் பில்லர், பிறகு வீட்டுக்கு அருகே இருக்கும் டி.பி. பாக்ஸ், கடைசியாகத்தான் வீட்டில் இருக்கும் கருவி. வீட்டுக்காரரோ முதல் வேலையாகப் போனை மாற்றச் சொல்வார். மாற்றிக் கொடுத்தால் அதுவும் டெட்டாகத்தான் இருக்கும். கணினியும் அப்படித்தான், வரிசையைத் தாண்டக் கூடாது.

முதல் கேள்வி: பொருள் உள்ளே இருக்கிறதா? லினக்ஸில் 'எல்.எஸ்.பி.சி.ஐ.' என்று தட்டினால் உள்ளிருக்கும் சாதனங்களின் பட்டியல் வரும். வந்தது. இன்டெல் யு.எச்.டி. கிராஃபிக்ஸ் 620. மெல்லிய மடிக்கணினிகளில் பெரும்பாலும், கிராஃபிக்ஸ் செயலியான ஜி.பி.யு. தனிக் கார்டாக வராது, மையச் செயலி இருக்கும் சில்லுக்குள்ளேயே அதுவும் குடியிருக்கும். தனி நினைவகமும் அதற்குக் கிடையாது, பொது ராமில்தான் பங்கு. சின்னதுதான், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. ஜி.பி.யு.வைக் கணக்குப் போட வைக்க என்விடியா 2007-ல் வெளியிட்ட 'கூடா' அந்த நிறுவனத்தின் கார்டில் மட்டும் ஓடுவது. அதில் பழகிய பிள்ளைகளுக்குக் கூடா இல்லையென்றால் ஜி.பி.யு.வே இல்லை. டார்க்டேபிள் கேட்பதோ 'ஓப்பன்சி.எல்.' ஆப்பிள் தொடங்கிவைக்க, குரோனோஸ் என்ற பொது அமைப்பு 2008 டிசம்பரில் வெளியிட்ட தரம் அது. எந்த நிறுவனத்துச் சில்லானாலும் சரியான டிரைவர் இருந்தால் போதும்.

இரண்டாவது கேள்வி: லினக்ஸின் உட்கருவான கெர்னல் அதை அடையாளம் கண்டதா? திரையில் படம் ஒழுங்காக வருகிறது, 'ஐ915' டிரைவர் ஏறியிருக்கிறது. இதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். திரையில் படம் காட்டுவதற்கும் கணக்குப் போட வைப்பதற்கும் நடுவே ஓப்பன்சி.எல். டிரைவர் என்று இன்னொரு அடுக்கு உண்டு. அதைச் சோதிக்க 'சி.எல்.இன்ஃபோ' என்று ஒரு கருவி. ஓட்டினோம். தளங்களின் எண்ணிக்கை 0 என்றது.

பேத்தி முகம் வாடியது. எனக்கோ அந்தப் பூஜ்யம் நல்ல செய்தி. கோளாறு எந்த இடைவெளியில் என்று தெரிந்துவிட்டதே.

அந்த அடுக்குக்கான மென்பொருளை அவள் ஏற்கெனவே போட்டிருந்தாள், அதுவும் இன்டெல் வெளியிட்டதிலேயே ஆகப் புதிய பதிப்பு. சிக்கலே அதுதான். 24.35 பதிப்பிலிருந்து இன்டெல் இதை இரண்டாகப் பிரித்துவிட்டது. வழக்கமான தொகுப்பு 12-ம் தலைமுறை கிராஃபிக்ஸுக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் மட்டும். 8, 9, 11-ம் தலைமுறைகளுக்கு 'லெகசி1' என்று வால் ஒட்டிய தனித் தொகுப்பு. யு.எச்.டி. 620 ஒன்பதாம் தலைமுறைக் குடும்பம். புதிய டிரைவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது, குறை என்று ஒரு வரி சொல்லவும் செய்யாது. புதிதாக வந்தது எல்லாருக்குமாக வந்தது என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

போட்டதை நீக்கிவிட்டு, அவள் மெஷினில் ஓடும் உபுண்டு 24.04 லினக்ஸ் தன் களஞ்சியத்தில் வைத்திருக்கும் பழைய பதிப்பையே போடச் சொன்னேன். மறுபடி சி.எல்.இன்ஃபோ. தளம் 1, சாதனம் 1, பெயரும் வந்தது.

சில கணினிகளில் இதற்குப் பிறகும் ஒரு பூட்டு இருக்கும். பயனரை 'ரெண்டர்' என்ற குழுவில் சேர்க்காவிட்டால் சாதனத்தைத் தொட முடியாது. எங்களுக்கு அது திறந்தே இருந்தது. பூட்டியிருக்கும் இடத்தில் சிலர் ரூட் அதிகாரத்தில் ஓட்டிப் பார்த்து, ஓடுகிறதே என்று அப்படியே விட்டுவிடுவார்கள். அது எனக்குப் பிடிக்காது. குழுவில் சேர்க்க ஒரு வரி போதும்.

இப்படி உள்ளே பார்க்கும் பழக்கம் நம்மிடம் வளர வாய்ப்பு இல்லாமல் போகவில்லை. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். எங்கள் தெருவில் அந்த இரண்டாவது கதவைத் திறந்து பார்த்த பிள்ளையை நான் கண்டதில்லை. 2025 மார்ச் பட்ஜெட்டில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட்டோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். அப்படி ஒன்று கைக்கு வந்த பிள்ளையைப் பார்த்தால் முதலில் எல்.எஸ்.பி.சி.ஐ. தட்டச் சொல்வேன்.

பேத்தியின் மெஷினுக்கு வருவோம். டார்க்டேபிளில் ஓப்பன்சி.எல்.லை இயக்கியதும் முதல் முறை வழக்கத்தைவிட மெதுவாகத் திறந்தது. "பாத்தீங்களா, முன்னைக்கும் மோசம்" என்றாள். தனக்கு வேண்டிய நிரல்களை அந்தச் சில்லுக்கு ஏற்றபடி தொகுத்து எடுத்து வைத்துக்கொள்கிறது, ஒருமுறைதான் இந்தத் தாமதம் என்றேன். அடுத்த முறை சட்டென்று வந்தது. இரைச்சல் நீக்கமும் வேகமானது. மலைக்க வைக்கும் வேகம் ஒன்றுமில்லை. மையச் செயலியும் கிராஃபிக்ஸும் ஒரே மின் ஒதுக்கீட்டைப் பங்கு போட வேண்டும், சூடேறினால் இரண்டுமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு ஐம்பது படத்தைக் கொடுத்துவிட்டு மெஷினைத் திட்டக் கூடாது, ராத்திரி ஓட விடலாம்.

கடைசியாக அந்த டிரைவர் தொகுப்பை 'ஹோல்ட்' செய்யவைத்தேன், அவள் ஆர்வத்தில் புதியதை மறுபடி ஏற்றிவிடாமல் இருக்க. 24.04-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதற்குள் அவள் சம்பாதிக்க ஆரம்பித்திருப்பாள். அப்போது அவள் காசில் கேமிங் லேப்டாப் வாங்கினால் நான் ஏன் குறுக்கே நிற்கப் போகிறேன்?