பழைய துணி

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடுவதில்லை, செங்கல்பட்டில் எங்கள் வீட்டு வழக்கம். அப்பா இறந்த ஏழாம் மாதம் அக்காவுக்குப் பெண் பிறந்தது. அம்மா அவருடைய நைந்த வேட்டியைக் கிழித்துச் சட்டைகள் தைத்தாள். கையால்தான், மெஷின் தையல் தோலை அறுக்குமாம். காஜா இல்லை, பொத்தான் இல்லை. முதுகில் முடிச்சிட இரண்டு நாடா.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர்கள் இறங்கித் துணி வாங்கினார்கள்; கோட்டை பிறகு. சோழமண்டலக் கரையின் சீட்டித்துணி ஹாலந்தில் குழந்தைச் சட்டையாகி மியூசியங்களில் இருக்கிறது. இருக்கட்டும். அதிகம் உடுத்தாததுதான் மிஞ்சியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

அம்மாவின் சட்டைகள் மூன்று மாதத்தில் கரித்துணியாயின. ஆண்டுநிறைவுக்குப் பாவாடை தைக்கச் சொன்னோம். "கண்ணு தெரியல, கடையில வாங்கிக்குங்க" என்றாள். மீதி வேட்டி டிரங்குப்பெட்டியில் இருக்கிறது. யாரையும் தொட விடுவதில்லை.